கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் என்னை நம்பி ஏமாற வேண்டியிருக்காது. மாட்டைக் கண்டு நான் பயந்ததில்லை, பாம்பைக் கண்டும் அவ்வளவாகப் பயந்ததில்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்து குரலை உயர்த்தினால் போதும், ஒளிந்துகொள்ள இடம் தேடுவேன். அப்படிப்பட்ட ஒருவனை ஊரே கூடிக் கத்துகிற இடத்தில், அந்த ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வைத்தார்கள். கோல் கீப்பர் என்று அதற்குப் பேர்.

எங்கள் ஊர் வில்லியனூருக்கு மேற்கே, பிரெஞ்சுக்காரன் சீமையின் ஓரத்தில் இருந்தது. ஓரம் என்றால் நிஜமாகவே ஓரம். கடைசி வயலைத் தாண்டினால் ஒரு வாய்க்கால் வரும். அதற்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். தண்ணீர் இல்லாத மாதங்களில் ஆடுகள் இங்கிலீஷ்காரன் புல்லை மேய்ந்துவிட்டு பிரெஞ்சுக்காரன் பட்டிக்குத் திரும்பும். மனிதனுக்கு அப்படி இல்லை. இங்கே தப்பு செய்தவன் அங்கே போய்விட்டால் நம் சிப்பாய் கரையோடு நின்றுவிடுவார். பிடிக்க வேண்டுமானால் இரண்டு சர்க்காரும் ஒன்றுக்கொன்று எழுதிக் கேட்க வேண்டும். ஒரு மண்டை உடைந்ததற்காக யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்? அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அடிதடி நடந்தால் யாராவது ஒருவன் வாய்க்காலைத் தாண்டுவான். தாண்டியவன்தான் அடித்தவன் என்று ஆகிவிடும். கேஸ் அவன் பின்னாலேயே கரை வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். தாண்டுகிறவன் எப்போதும் எங்கள் தெருக்காரனாக இருப்பான். உண்மையில் அடித்தவன் யார் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் தெரு என்றால் சேரி. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான், ஆனாலும் சேரி சேரிதான். என் சித்தப்பா அப்படித் தாண்டியவர். மேர் என்கிற ஊராட்சித் தலைவருக்கு நடந்த தேர்தலில் பண்ணையார் கட்சி ஆட்கள் எதிர்க்கட்சிக்காரன் ஒருவனைக் கம்பால் அடித்துப் போட்டார்கள். சித்தப்பா அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் சுருண்டு கிடந்தார். "ரெண்டு மாசம் அந்தப் பக்கம் இருந்துட்டு வா" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பவே இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் ஒரு குடிசை போட்டுக்கொண்டு எங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே இருந்தார். சாயங்காலமானால் கரையில் வந்து குந்திக்கொண்டு தன் வீட்டுக் கூரையைப் பார்ப்பார். சித்தி செத்தபோது சவத்தைக் கரை வழியாகச் சுற்றிக் கொண்டுபோனோம், அவர் பார்க்கட்டும் என்று. அவர் எதிர்க்கரையில் கூடவே நடந்து வந்தார். கல்லறைக்குப் போகும் பாதை திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டார். அன்றைக்கு அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

பந்தாட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் பண்ணையார் மகன். புதுச்சேரியில் படித்துவிட்டு வரும்போது பூட்டு போட்ட பெட்டியில் துணிமணியோடு ஒரு தோல் பந்தையும் வைத்துக் கொண்டுவந்தார். ஆட்டக்காரர்களின் தலைவரை நாங்கள் கப்பித்தான் என்போம், அவர்தான் கப்பித்தான். நான் வில்லியனூரில் மாதா கோயில் சாமியார் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தவன். எழுத்தும் பந்தும் அங்கே கற்றவை. பண்ணைக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு அவர் கோலில் நிறுத்தினார். என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயம் விளங்கியது. மற்றப் பத்துப் பேரும் ஊர்ப் பிள்ளைகள். வேறு எந்த இடத்தில் நின்றாலும் தோளோடு தோள் உரசும், காலோடு கால் பின்னும். கோலில் நிற்பவன் மட்டும் தனியாக நிற்பான். பந்துக்குத் தீட்டு இல்லை. அதையும் நான் கையில் கொடுக்கமாட்டேன், தரையில் உருட்டிவிடுவேன். நடுவில் அவர்கள் சொம்பில் தண்ணீர் குடிப்பார்கள். எனக்குக் கம்பத்தடியில் கொட்டாங்குச்சி. இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஒருவரும் மறந்ததும் இல்லை. கோபம் வராதா என்றால், வரும். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் காட்டுவேன். அவள் அதை வட்டியும் முதலுமாக என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அந்த வருஷம் அறுவடை முடிந்ததும் மேர் பந்தயத்துக்கு ஒரு கோப்பை கொடுத்தார். கடைசி ஆட்டம் எங்களுக்கும் நெட்டப்பாக்கத்துப் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கும். ஞாயிற்றுக்கிழமை. பண்ணை வயலில் அறுத்த நெல்லின் அடித்தாள்களைக் கொத்தி, சுண்ணாம்பால் கோடு போட்டு, இரண்டு பக்கமும் சவுக்குக் கழிகளை நட்டு, மேலே கயிறு கட்டியிருந்தார்கள். விசில் ஊதுவதற்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு வாத்தியாரை ரயிலில் வரவழைத்தார்கள். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி போட்டவர். வெயிலுக்குத் தலையில் கைக்குட்டையை நாலு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். ஜனங்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே எனக்கு மனசு சரியில்லை. இந்த மனிதருக்கு இந்த ஊரைத் தெரியாது என்று தோன்றியது.

கூட்டம் எல்லா இடத்திலும்தான் இருந்தது. ஆனால் என் கோலுக்குப் பின்னால் நின்றவர்கள் வேறு ரகம். தேர்தலுக்குத் தேர்தல் பண்ணையில் சோறு போட்டு வைத்திருக்கும் ஆட்கள் அவர்கள். பந்தாட்டம் பார்க்க எதற்குக் கம்பு? ஆளுக்கொரு கம்பு வைத்திருந்தார்கள், மாடு ஓட்டப் போகிறவர்களைப் போல. எங்கள் தெரு ஜனங்கள் தூரத்தில் பனைமரங்களுக்குக் கீழே நின்றார்கள். அங்கிருந்து பந்து தெரியாது. புழுதி தெரியும்.

முதல் பாதியில் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள், இரண்டாம் பாதியில் நான் கோல் மாறியபோது கூடவே வந்து கோட்டின் மேல் நின்றார்கள். கால் பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு அழிந்துபோயிற்று. அப்புறம் எது வெளி, எது உள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. வெற்றிலை வாசனையும் கள் வாசனையும் கழுத்தில் அடித்தது.

"டேய், பந்து உள்ள வந்திச்சின்னா நீ வெளிய போவமாட்டடா" என்றான் ஒருவன்.

தமாஷாகத்தான் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் வருகிற பந்தைப் பிடிப்பதா, பின்னால் வருகிற பேச்சைக் கேட்பதா? முதுகெல்லாம் கண்ணாக நின்றேன். அன்றைக்கு நான் பிடித்த பந்துகளை ஊர் பிற்பாடு வெகு காலம் மெச்சியது. பயத்தில் பிடித்தேன், வேறொன்றுமில்லை.

ஆட்டம் முடிகிற நேரம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தோம். அவர்கள் ஆள் ஒருவன் பந்தோடு என்னை நோக்கி வந்தான். எங்கள் ஆள் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளினான். அதில் சந்தேகமே இல்லை. விசில் ஊதினார் வாத்தியார். பெனால்ட்டி என்று கையைக் காட்டினார்.

அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பெரிய கூட்டம் வாயை மூடிக்கொண்டது. கப்பித்தான் விசில்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபப்படவுமில்லை. என் பக்கம் பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, தைரியம் சொல்கிறாரோ என்று நானும் பார்த்தேன். அவர் கண் என்னைத் தாண்டி என் பின்னால் போயிற்று. முகவாயை லேசாக அசைத்தார், வேலைக்காரனிடம் வண்டியைப் பூட்டச் சொல்வதுபோல. பிறகு அரைக்கால் சட்டையின் தூசியைத் தட்டிக்கொண்டே நிழலைப் பார்த்து நடந்தார்.

என் இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடினார்கள். யாரோ கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள். கயிறு என் தலையில் விழுந்தது. நெட்டப்பாக்கத்து ஆட்கள் தங்கள் வண்டிகளை நோக்கி ஓட்டம் பிடித்தார்கள். வாத்தியார் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. விசிலை வாயில் வைத்து ஊதினார், கூட்டம் விசிலுக்குக் கட்டுப்படும் என்பதுபோல. சவுக்குக் கழி அவர் தலையில் இறங்கியது. கண்ணாடி எகிறி விழுந்தது.

நான் விலகிப் போகத்தான் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு கை என்னைத் தள்ளியது. அவர் மேலேயே போய் விழுந்தேன். அடி இப்போது என் முதுகில் விழுந்தது. எழுந்தால் தலையில் விழும் என்று தெரிந்தது. ஆகவே எழவில்லை. அவர் மேல் அப்படியே கவிழ்ந்து கிடந்தேன். அவர் சட்டை ரத்தத்தில் நனைந்து என் நெஞ்சில் ஒட்டியது. அவர் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"விட்டுடுப்பா. பிள்ளைகுட்டிக்காரன்பா. விட்டுடு" என்றார்.

என்னை அடிக்கிறவன் என்று நினைத்துவிட்டார். நான் அடிக்கலைங்க, எனக்கும்தான் விழுது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் மண் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சு நின்றுவிட்டது.

அவரை மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் போட்டு வில்லியனூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். பெண்டாட்டிக்கு நிறைமாதம். குனிய முடியாது. என்னைத் தரையில் உட்கார வைத்து, அவள் உரல் மேல் உட்கார்ந்துகொண்டு முதுகில் மஞ்சளை அரைத்துத் தடவினாள். "யாரு மாமா அடிச்சாங்க?" என்று கேட்டாள். கூட்டம் என்றேன். "கூட்டத்துக்குக் கையி இருக்குதா?" என்றாள்.

மறுநாளிலிருந்து சேதி வர ஆரம்பித்தது. வாத்தியார் ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடக்கிறார். ஒரு கண் போய்விட்டது. இல்லை, செத்தே போய்விட்டார். கொலை கேஸ் என்றால் பிரெஞ்சுக்காரன் தலையை வெட்டுகிற எந்திரம் வைத்திருக்கிறான். இல்லையில்லை, கப்பலேற்றித் தீவுக்கு அனுப்பிவிடுவான், எலும்புகூடத் திரும்பாது. ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். எல்லோரும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கிணற்றடியில் நான் போனால் பேச்சு நின்றது. விசில்காரர் மேல் விழுந்து கிடந்தவன் இவன்தான் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். அது பொய்யும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அவர் பிழைத்து எழுந்தாலும் இவன்தான் என்று என்னைத்தானே காட்டுவார்?

ஒரு மத்தியானம் பண்ணைக் காரியஸ்தர் எங்கள் தெருவுக்கே வந்தார். அவர் எங்கள் தெருவுக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. வாசலில் வேப்ப மரத்துக்குக் கீழே நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"இன்னாடா, வூட்டுக்குள்ள பூந்துக்கினு இருக்க? கொமிசேர் வர்றாரு, தெரியுமா?"

கொமிசேர் என்றால் போலீசுக்குப் பெரிய அதிகாரி. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"வாத்தியார் மேல நீதான் கெடந்தே. ஊரே பாத்திருக்குது."

"தள்ளிட்டாங்க ஆண்டே."

"தள்ளினது யாருடா? பேரைச் சொல்லு பாப்போம்."

முதுகில் எனக்கு ஏது கண்? அவர் குரலை இறக்கிக்கொண்டார். அதட்டும்போது வந்த பயத்தைவிட இப்போது அதிகமாக வந்தது.

"பண்ணையாரு உனக்கு நல்லதத்தான் நெனைக்கிறாரு. அந்தப் பக்கம் போயிடு. ரெண்டே மாசம். உம் பொண்டாட்டிக்கு நெல்லு வந்துடும். பொறக்கப்போற புள்ளைக்கும் நாங்க இருக்கோம். போகச் சொன்னா போகணும். புரியுதா?"

துணியில் முடிந்த அரிசி மூட்டை ஒன்றைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்த மூட்டையை எடுத்து உள்ளே வந்தேன். பெண்டாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அவள் மூட்டையைக் காலால் ஒதுக்கினாள்.

"நீ போயிட்டா நீதான் அடிச்சேன்னு ஆயிடும்."

"இருந்தா புடிச்சிக்கினு போயிடுவாங்கடி."

"புடிச்சிக்கினு போனா, எம் புருஷன் ஒண்ணும் பண்ணலன்னு மேரி ஆபீசு வாசல்ல ஒக்காந்து கத்துவேன். நீயே ஓடிப்போயிட்டா நான் இன்னான்னு கத்துறது?"

அவள் சொன்னது சரி. சரி என்று தெரிந்தால் மட்டும் கால் நிற்குமா? தலை வெட்டுகிற எந்திரத்தை நான் பார்த்ததில்லை. கரும்பு ஆலையைப் பார்த்திருக்கிறேன். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில், அவள் விறகுக்குத் திரும்பிய சமயம் பார்த்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நடந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

வாய்க்கால் வறண்டு கிடந்தது. இறங்கி ஏறினால் தீர்ந்தது. சித்தப்பா எதிர்க்கரையில் காத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் சிரித்து நான் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை.

"வாடா, வாடா. எறங்கி வா. சோறு ஆக்கி வெச்சிருக்கேன். ஒரு மூலைய மொழுகி வைக்கோலு கூடப் போட்டுட்டேன்" என்றார்.

"நான் வருவேன்னு உனக்கு எப்படி சித்தப்பா தெரியும்?"

"பண்ணக் காரியக்காரரு ஆள வுட்டுச் சொன்னாருடா. உன் அண்ணன் மவன் வருவான், எடம் பண்ணி வையின்னு. பந்தாட்டத்துக்கு மொத நாளு, சனிக்கெழமையே சொல்லி அனுப்பிட்டாரு. நீ இன்னா இவ்ளோ நாளு கழிச்சி வர்ற?"

நான் ஒரு காலை வாய்க்காலுக்குள் வைத்திருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். ஆட்டம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. வாத்தியார் ரயில் ஏறுவதற்கு முன்னால், பெனால்ட்டிக்கு முன்னால், யாரும் ஒரு கம்பை ஓங்குவதற்கு முன்னால், எனக்கு அந்தக் குடிசையில் வைக்கோல் போட்டாகிவிட்டது. தோற்கிற மாதிரி இருந்தால் அடிப்பது என்று முடிவு செய்தவர்கள், அடித்தது யார் என்பதையும் கையோடு முடிவு செய்துவிட்டிருந்தார்கள். என்னைப் பிடித்துத் தள்ளிய கை தடுமாறிப் பட்ட கை இல்லை. அதுவரை நான் கூட்டத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில்தான் ஒரு ஆளுக்கு, கப்பித்தானுக்குப் பயந்தேன்.

"சித்தப்பா, நீ இத கொமிசேர்கிட்ட வந்து சொல்லுவியா?" என்று கேட்டேன். கேட்டவுடனே அது எவ்வளவு பைத்தியக்காரக் கேள்வி என்று தெரிந்தது. அவர் இந்தக் கரையில் கால் வைத்தால் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் வரப்போவதில்லை என்று புரிந்துகொண்டார். "சோறு ஆறிப் போவுதுடா" என்று மட்டும் சொன்னார். நான் அரிசி மூட்டையை அவர் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பினேன். வீடு வரும்வரை ஓடினேன்.

கொமிசேர் மேரியில் விசாரணை வைத்தார். மேரி என்றால் மேருடைய ஆபீசு. என்னையும் இன்னும் சிலரையும் சுவரோரமாக நிறுத்தினார்கள். காரியஸ்தர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்தேன். கப்பித்தானுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜன்னல்களில் எல்லாம் முகங்கள். வெளியே நின்றவர்கள் யார் என்று பார்க்கத் தேவையே இல்லை, வெற்றிலை வாசனையிலேயே தெரிந்தது.

"கூட்டம், முசே" என்று கொமிசேரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார் கப்பித்தான், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. "கூட்டத்துக்கு யார் பொறுப்பு ஏத்துக்க முடியும்? ஜனங்க உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. எனக்கும் வருத்தம்தான்."

நான் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். சாட்சி எங்கே என்று கேட்பார்கள். என் சாட்சி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டிருந்தது.

வாத்தியாரை அழைத்து வந்தார்கள். செத்துப் போகவில்லை, கண்ணும் போகவில்லை. தலையில் பெரிய கட்டு, நடை தள்ளாடியது. கண்ணாடி இல்லாததால் ஒவ்வொருவர் முகத்துக்கும் கிட்டத்தில் வந்து பார்த்தார். எனக்கு முன்னால் வந்து நின்றார். அவர் மூச்சு என் மேல் பட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. அவருக்கும் என்னுடையது தெரிந்திருக்க வேண்டும். மரியே, மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே பெண்டாட்டி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், கத்துவதற்குத் தயாராக.

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கடைசியில் கொமிசேரைப் பார்த்து, "எனக்கு யாரையும் அடையாளம் தெரியலை" என்றார்.

கொமிசேர் இன்னொரு தரம் கேட்டார். அதே பதில்தான். எழுதிக்கொண்டு எல்லோரையும் போகச் சொன்னார். ஜன்னலில் இருந்த முகங்கள் கலைந்தன. யாரோ வெளியே கையைத் தட்டினார்கள்.

படியில் இறங்கும்போது வாத்தியார் தடுமாறினார். நான் பக்கத்தில் இருந்தேன், ஆனால் பிடிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரே என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என் மேல விழுந்தது நீதானே?" என்றார், மெதுவாக.

"ஆமாங்க ஐயா."

"அடிக்கவா, காப்பாத்தவா?"

பொய் சொல்லியிருக்கலாம். காப்பாற்ற என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்னை வாழ்நாள் பூராவும் நினைத்துக்கொண்டிருப்பார். "தள்ளிட்டாங்க ஐயா. எழுந்துக்கப் பயமா இருந்திச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நானும் பார்த்தேன், யார் ஜாடை காட்டினதுன்னு. சொல்லப் பயமா இருந்தது. திரும்பிப் போறது இந்த ரோட்டு வழியாத்தானே?" என்றார். என் தோளை விட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அவரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

அந்த வாரமே எனக்கு மகள் பிறந்தாள். நான் வீட்டில் இருந்தேன், இந்தக் கரையில் இருந்தேன். அவளைக் கையில் வாங்கினபோது எனக்கு அழுகை வந்தது. பண்ணையில் வெகு நாள் பெண்டாட்டியை நடவுக்குக் கூப்பிடவில்லை. ஓடச் சொன்னபோது ஓடாததற்கு அது தண்டனை. பட்டினி கிடந்தோம், ஆனால் சேர்ந்து கிடந்தோம். இதற்குமேல் நல்லது நடக்காது என்று இருந்த நேரத்தில், அடுத்த அறுவடை வந்தது. கப்பித்தான் கூப்பிட்டனுப்பினார். கோலில் நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை. கிடைப்பானா? அந்தக் கம்புகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க ஊர்ப் பிள்ளை எவன் வருவான்? வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நடவுக்கு இனிமேல் கூப்பிடுவார்கள் என்று பெண்டாட்டியும் பேசாமல் இருந்தாள்.

அதே வயல், அதே சவுக்குக் கழிகள். இந்தத் தடவை பாகூர்ப் பக்கத்திலிருந்து ஆட வந்திருந்தார்கள். விசிலுக்கு வேறொருவர், வாலிபர். என் பின்னால் அதே ஆட்கள். கம்புகூட அதேதான் என்று நினைக்கிறேன். ஒருவன் என்னைப் பார்த்து, "இன்னாடா, புள்ள நல்லா இருக்குதா?" என்று அன்பாகக் கேட்டான். என்னைத் தள்ளிய கை அவனுடையதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் பந்து எங்கள் கோலுக்கு முன்னால் எகிறியது. எங்கள் ஆள் ஒருவன் இரண்டு கையாலும் அதைத் தட்டிவிட்டான், வாலிபால் ஆடுகிற மாதிரி. பெனால்ட்டிதான், சந்தேகமில்லை. வயல் முழுக்கப் பார்த்தது. பனைமரத்தடியில் நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

விசில்காரர் விசிலை வாயில் வைத்தார். என் பின்னால் மூச்சுகள் நின்றன. கப்பித்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த வாலிபர் என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால் இருந்தவர்களை ஒரு கணம் பார்த்தார். விசிலை வாயிலிருந்து மெதுவாக இறக்கினார். ஆடுங்கள் என்று கையைக் காட்டினார். பாகூர்க்காரர்களும் ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓடினார்கள்.

கோப்பையை ஜெயித்தோம். ஒருவர் மேலும் ஒரு அடி விழவில்லை. என் பின்னால் நின்றவர்கள் சந்தோஷத்தில் கம்புகளை வானத்தில் வீசிப் பிடித்தார்கள். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாடா என்று மூச்சுவிட்டேன். இன்றைக்கு எங்கள் தெருவிலிருந்து ஒருவனும் வாய்க்காலைத் தாண்ட வேண்டியதில்லை, ராத்திரி நான் என் வீட்டில் என் மகளோடு படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போதுதான் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.